மாமன் புல்லி, மச்சான் வெல்டு

ரம்பக்காரர் தன் எந்திரத்தைப் பெரிதாக்கப் போவதாகச் சொன்னபோது, அவர் மனைவி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "என் தம்பியைக் கூப்பிட்டுக்கோங்க" என்று சொல்லித் தொலைத்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

மரம் கிடக்கும் இடத்துக்கே இழுத்துப் போகிற அறுவை எந்திரம் அது. கீழே இரண்டு டயர், மேலே நீளமான இரும்புக் கட்டில், கட்டிலின் இரு ஓரத்திலும் தண்டவாளம், தண்டவாளத்தில் முன்னும் பின்னும் தள்ளுகிற ஒரு தலை. அந்தத் தலையில் ஓர் எஞ்சின், இந்தப் பக்கம் ஒரு சக்கரம், அந்தப் பக்கம் ஒரு சக்கரம், இரண்டையும் வளைத்துப் பல் வைத்த பட்டை ரம்பம். கட்டிலில் மரத்தைப் படுக்கவைத்துத் தலையைத் தள்ளினால் பலகை பிரியும். கணவர் இந்தப் பக்கம் நின்று தள்ளுவார். மனைவி அந்தப் பக்கம் கூடவே நடந்து, அறுபட்ட வாயில் ஆப்பு செருகி, பிரிந்த பலகையை இழுத்துப் போடுவாள். வேலைக்குக் குறைவில்லை. குறை அகலத்தில்தான். கொஞ்சம் பருத்த மரம் என்றால் அந்த வாய்க்குள் நுழையாது.

அப்போதுதான் தோப்புக்காரர் வந்தார். காற்றில் ஒரு மரம் சாய்ந்துவிட்டது, இரண்டு ஆள் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது, உங்களால் அறுக்க முடியுமா என்று கேட்டார். ரம்பக்காரர் முடியும் என்றார். முடியும் என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் முடியுமா என்று யோசிக்கிற ரகம் அவர்.

ரம்பக்காரர் மனைவியின் தம்பி வெல்டர். எல்லோரும் அவனைப் பொறி என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிலுக்கும் பொருத்தம், கோபத்துக்கும் பொருத்தம். முன்பு ஒருமுறை அவன் செய்து கொடுத்த வாசல் கேட்டைப் பார்த்து, நாலு பேர் முன்னால் ரம்பக்காரர், "என்னப்பா, கேட்டு குனிஞ்சு வணக்கம் வைக்குது?" என்று கேட்டுவிட்டார். பொறி கேட்டைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போனவன், வருடக்கணக்கில் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வழியில் மாமாவைப் பார்த்தால் மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு போவான். பிறந்த இடத்துக்கும் வாழ்க்கைப்பட்ட இடத்துக்கும் நடுவே அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கடைசியில் அவள் வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இருவரும் வந்து கட்டிலின் இரு பக்கமும் நின்றார்கள். விட்டால் கிடைக்காது என்று இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "இனிமே ஒருத்தர் வேலையை ஒருத்தர் குறை சொல்லக் கூடாது. சொன்னா நான் இருக்கிறதுல அர்த்தமே இல்ல" என்றாள். இருவரும் தலையாட்டினார்கள்.

அன்றிலிருந்து ஒரே மரியாதை. வயதில் இளையவனை மாமா "வாங்க மச்சான், உக்காருங்க மச்சான்" என்பார். மச்சான் "நீங்க சொன்னா சரிதான் மாமா" என்பான். கேட்கிறவர்களுக்குத் திகட்டும். அவளுக்கு மட்டும் திகட்டவில்லை. தம்பி வீட்டுக்கு வருகிறானே, அது போதாதா?

எந்திர வேலை தொடங்கியது. கொட்டகையில் எந்திரத்தின் தலையை நடுவில் அறுத்து, புது இரும்புச் சட்டம் வைத்து அகலமாக்கினார்கள். கையால் சுற்றி ஏற்றி இறக்குவதற்குப் பதிலாக ஒரு சின்ன மோட்டார் வைத்தார்கள். பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு அதைப்போல் இரண்டு பங்கு வலுவுள்ளதை ஏற்றினார்கள். அகலமான வாய்க்குப் பழைய சக்கரங்கள் போதாது. பழைய இரும்புக் கடையில், எப்போதோ மூடிய மர ஆலையிலிருந்து வந்த இரண்டு பெரிய வார்ப்பிரும்புச் சக்கரங்களை ரம்பக்காரர் கண்டுபிடித்தார். அவற்றை வண்டியில் கொண்டு வந்து இறக்கியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை தோற்றான்.

"எப்படி மச்சான்?"

"பிரமாதம் மாமா. இந்த மாதிரி இப்ப யார் வார்க்குறாங்க?"

சக்கரங்களைச் சுத்தம் செய்து அச்சு பொருத்துவதற்காகப் பொறி தன் பட்டறைக்குக் கொண்டு போனான். சாப்பிடக் கூப்பிடலாம் என்று அவள் அங்கே போனபோது அவன் ஒரு சக்கரத்தைச் சாம்பல் குவியலுக்குள் புதைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா இது, சக்கரத்தைப் பொதைக்கிறே?"

அவன் திடுக்கிட்டான். அவளைப் பார்த்ததும் தணிந்தான். "மெதுவா ஆறணும்க்கா. சட்டுன்னு ஆறினா வெடிச்சிரும்."

"ஏன், அதை ஏன் சூடு பண்ணே?"

சொல்லலாமா என்று யோசித்தான். சொல்லாமல் இருக்கவும் அவனால் முடியவில்லை. "பழைய கிரீஸைச் சுரண்டினேன். உள்ள ஒரு விரிசல். ஆரக்கால் விளிம்போட சேருற இடத்துல. அதைத் தோண்டி, கரியில காய்ச்சி, வெல்டு வெச்சிருக்கேன்."

"மாமா கிட்ட சொல்லிட்டியா?"

"எப்படிச் சொல்றது? ஆசை ஆசையா வாங்கிட்டு வந்திருக்கார். 'நீங்க வாங்கினது ஓட்டை'ன்னு சொல்லச் சொல்றியா? அப்புறம் உன் சத்தியம் என்ன ஆகுறது?" கையைத் துடைத்துக்கொண்டான். "வார்ப்பிரும்புக்கு வெல்டு அவ்வளவா ஒட்டாதுதான். ஆனா எஞ்சின்ல பெல்ட் ஓடுற உருளை இருக்கே, அந்தப் புல்லி, அதை நான் சொன்ன மாதிரி சின்னதாப் போட்டா சக்கரம் நிதானமாத்தான் சுத்தும். நிதானமாச் சுத்துற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. நீ சொல்லிடாதே அக்கா."

அவள் சொல்லவில்லை. மறுநாள் சக்கரம் புதுப் பெயிண்டில் பளபளவென்று வந்து சேர்ந்தது. ஒட்டுப் போட்ட இடம் எதுவென்று அவளுக்கே தெரியவில்லை.

எல்லாவற்றையும் பூட்டிச் சின்ன மரம் ஒன்றை அறுத்துப் பார்த்தார்கள். எந்திரம் உறுமியது, ரம்பம் இழுத்து இழுத்துப் போனது, பலகை தகரக் கூரை போல நெளிநெளியாக வந்து விழுந்தது. குருடனுக்கும் தெரிகிற நெளிவு. ரம்பக்காரர் அந்தப் பலகையைத் தூக்கிப் பார்த்து, "ஆஹா, அருமையா வந்திருக்கு மச்சான்" என்றார். "எல்லாம் உங்க ஆசீர்வாதம் மாமா" என்றான் பொறி. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

தோப்புக்குப் போவதற்கு முதல் நாள் பிற்பகல் ரம்பக்காரர் அவளைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். "இந்த பெல்ட்டைக் கொஞ்சம் புடி."

பிடித்தாள். அவர் எஞ்சின் அச்சிலிருந்து தம்பி சொன்ன புல்லியை உருவி எடுத்துவிட்டு, வேறொன்றை மாட்டினார். அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. பழையது அதில் பாதிதான்.

"இது எதுக்கு?"

"எஞ்சின் புல்லி பெரிசா இருந்தா சக்கரம் வேகமாச் சுத்தும். வேகம் பத்தாமத்தான் பலகை நெளியுது. உன் தம்பி போட்ட கணக்கு தப்பு." சொல்லிவிட்டு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அவன் கிட்ட சொல்லாதே. முகம் சுண்டிப் போயிடும். கவரைப் போட்டு மூடிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

'நிதானமாச் சுத்துற வரைக்கும்' என்று தம்பி சொன்னது அவள் நினைவுக்கு வந்தது.

"பழைய வேகத்திலேயே ஓட்டினா என்னங்க? நெளிஞ்சா நெளிஞ்சுட்டுப் போகுது."

"நல்லா இருக்கு நீ பேசறது! நெளிஞ்ச பலகையை வெச்சு தோப்புக்காரர் என்ன பண்ணுவார்?"

எஞ்சினைக் கிளப்பினார். அதற்கு முன் உறுமலாக இருந்த சத்தம் ஏறி ஏறி ஒரு மெல்லிய கூவலாக மாறியது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. அவள் கண்கள் சக்கரத்தை மூடியிருந்த மெல்லிய தகர உறையின் மேலேயே நின்றன. அதற்குள் அந்த ஆரக்கால், அந்த ஒட்டு. உறைக்கு ஒட்டினாற்போல் அவள் கணவனின் இடுப்பு. ரம்பம் மரத்துக்குள் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. பலகை வழவழவென்று வந்து விழுந்தது.

"பார்த்தியா!" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் என்ன நடக்கும் என்பது அவள் கண்முன் அப்படியே ஓடியது. 'ஓட்டைச் சக்கரத்துக்குப் பெயிண்ட் அடிச்சு என் தலையில கட்டிட்டானா?' என்று இவர் ஒரு வார்த்தை விடுவார். அவன் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போவான். இந்த முறை போனால் திரும்பமாட்டான். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றாள். காலையில் தம்பி வருவான், அவன் காதில் மட்டும் போட்டுவிட்டால் அவனே ஏதாவது சொல்லிப் புல்லியை மாற்றிவிடுவான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கோழைக்குச் சமாதானம் எப்போதும் கைவசம் இருக்கும்.

காலையில் தம்பி வீட்டுக்கு வரவில்லை. நேரே தோப்புக்குப் போய்விட்டான்.

அவர்கள் எந்திரத்தை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது தோப்புக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மரத்தைச் சங்கிலி போட்டு இழுத்துக் கட்டிலில் ஏற்றவே வெகுநேரம் ஆயிற்று. ஏற்றிய பிறகு பார்த்தால் கட்டிலே தெரியவில்லை, மரம்தான் தெரிந்தது.

"இன்னிக்கு நீ தள்ளி நில்லு. இவ்வளவு பெரிய பலகையை உன்னால இழுக்க முடியாது. மச்சான் அந்தப் பக்கம் நிப்பார்" என்றார் ரம்பக்காரர்.

ஆக, இந்தப் பக்கம் கணவன், அந்தப் பக்கம் தம்பி. நடுவில் அந்தச் சக்கரங்கள். பத்திரமான இடம் அவளுக்கு மட்டும்.

கணவர் ரம்பத்தின் சூட்டைத் தணிக்கும் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் தம்பியிடம் ஓடினாள். "டேய், அந்தப் புல்லி கவரைத் திறந்து ஒரு தடவை பாரேன்."

"ஏன்?"

"சும்மா பாரு."

அவன் சிரித்தான். "மாமா பூட்டி வெச்சதை நான் திறந்து பார்த்தா நல்லாவா இருக்கும்? சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடாது?"

கணவரிடம் போனாள். "ஓட்டறதுக்கு முன்னாடி சக்கரத்தை ஒரு தடவை பார்த்துடுங்களேன்."

"மச்சான் பார்த்துக் குடுத்ததுல நான் என்னத்தைப் பார்க்குறது? போ, போய் நிழல்ல நில்லு." தோப்புக்காரர் காதுக்குக் கேட்கிற தூரத்தில் இருந்தார். அந்நியர் முன்னால் அதற்கு மேல் பேச அவளுக்கு நாக்கு எழவில்லை.

எஞ்சின் கிளம்பியது. ரம்பக்காரர் லீவரை இழுத்தார். சக்கரம் பிடித்துக்கொண்டது. உறுமல் ஏறியது, ஏறியது, நேற்று கேட்ட அந்தக் கூவலுக்குப் போயிற்று.

அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். வெல்டராக இருந்தாலும் எஞ்சின் சத்தத்திலேயே வளர்ந்தவன். அவன் தலை சட்டென்று நிமிர்ந்தது. புல்லி கவரைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். பிறகு சக்கர உறையைப் பார்த்தான். முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாடா என்று அவள் மூச்சு விட்டாள்.

அவன் உதட்டை நக்கிக்கொண்டான். குனிந்து ஆப்பை எடுத்துக்கொண்டு, தன் இடத்தில் போய் நின்றான்.

அவளுக்கு உலகமே நின்றுவிட்டது போல இருந்தது. தெரிந்தும் நிற்கிறான்! மாமாவைப் பிறர் முன்னால் குறை சொல்லக் கூடாது என்று, வாய் திறவாமல், சாவுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறான். நிற்க வைத்தது யார்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சத்தியம் வாங்கினாளே, அவள்தான்.

ரம்பக்காரர் எந்திரத்தின் தலையைத் தள்ளத் தொடங்கினார். பல் மரத்தைத் தொட்டது.

அவள் ஓடினாள். எப்படி ஓடினாள் என்று பிறகு கேட்டால் அவளுக்குத் தெரியாது. கணவரின் கைக்குக் கீழே புகுந்து சிவப்புப் பொத்தானை அறைந்தாள். எஞ்சின் செத்தது. சக்கரங்கள் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. அவை நிற்கும் வரை அவள் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பைத்தியமா உனக்கு?" என்றார் ரம்பக்காரர்.

"உங்க சக்கரத்துல விரிசல் இருக்கு. இவன் வெல்டு வெச்சுப் பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கான். டேய், நீ சொன்ன புல்லியை இவர் கழட்டிட்டார். பெரிய புல்லி போட்டிருக்கார். ரெண்டு பேரும் என் கிட்ட சொல்லாதேன்னீங்க. சொல்லிட்டேன். போதுமா?"

தோப்புக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ரம்பக்காரர் முகம் கறுத்தது. பொறியின் முகம் தொங்கிப்போயிற்று. இப்போது வெடிக்கும், வெடித்துவிட்டுப் போகட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

ரம்பக்காரர் தொண்டையைச் செருமினார். "அதனால என்ன? மச்சான் வெச்ச வெல்டு, அது தாங்கும்" என்றார்.

"மாமா மாத்தினா யோசிக்காமலா மாத்தியிருப்பார்? ஒண்ணும் ஆகாதுக்கா. நீ நகரு" என்றான் பொறி.

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அதுவரை இருந்த பயம் ஒன்றுமே இல்லை. இப்போது வந்ததுதான் பயம். உண்மை தெரியாமல் சாகிறவர்களைச் சொல்லிக் காப்பாற்றலாம். தெரிந்தும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டு சாகிறவர்களை என்ன செய்வது? ரம்பக்காரர் கை மறுபடியும் சாவிக்குப் போயிற்று.

அவள் நடந்து போய், ஒட்டுப் போட்ட சக்கரத்தின் உறையில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, ஓட்டுங்க."

"தள்ளு."

"எதுக்கு? அதான் ஒண்ணும் ஆகாதே."

"சொன்னாக் கேளு. அங்க நிக்காதே."

"உங்க மச்சான் வெல்டு தாங்கும்னீங்க. டேய், நீ உன் மாமா கணக்கு சரின்னே. அப்புறம் நான் நின்னா என்ன? திருப்புங்க சாவியை."

தகரத்தின் குளிர்ச்சி சேலையைத் தாண்டி உறைத்தது. அவர் திருப்பிவிட்டால் என்ற எண்ணம் வந்தது, கால் தானாக நகரப் பார்த்தது. நகரவிடாமல் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ரம்பக்காரர் விரல் சாவியின் மேல் இருந்தது. திரும்பவில்லை. அவர் அவளைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை கோடு போட்டு இறங்கியது. பிறகு அவளைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றவனைக் கேட்டார்.

"டேய். அந்த வெல்டு தாங்குமாடா?"

மச்சானும் இல்லை, வாங்க போங்கவும் இல்லை. பொறி ஆப்பைக் கீழே போட்டான்.

"தாங்காது."

உறையைக் கழற்றினார்கள். பொறி ஒட்டின் மேல் இருந்த பெயிண்டைச் சுரண்டினான். அந்த இடத்தில் மண்ணெண்ணெய் பூசிக் கொஞ்ச நேரம் விட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்தான். அதன் மேல் சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கினான். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வெள்ளையில் ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி நீண்டது. ஒட்டுக்குப் பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு கோடு ஊர்ந்து, ஆரக்காலைத் தாண்டி, விளிம்பு வரை போயிற்று. அது பழைய விரிசல் இல்லை. நேற்று கொட்டகையில் ஓட்டியபோது விழுந்தது.

ரம்பக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை. அவள் தோள் சாய்த்து நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை ஏண்டா என் கிட்ட சொல்லலை?" என்றார் பொறியை நிமிர்ந்து பார்த்து.

"புல்லியை மாத்தினதை நீங்க சொன்னீங்களா?"

"உன் கணக்கு தப்புடா! பலகை நெளிஞ்சதை நீ பார்க்கலை?"

"நீங்கதானே அருமைன்னீங்க? அருமைன்னு சொன்னவர் கிட்ட நான் எதைப் போய் மாத்துறது? முதல்ல விரிசல் விட்ட சக்கரத்தைத் தட்டிப் பார்க்காம வாங்கிட்டு வந்தது யாரு?"

"நான் சக்கரம் வாங்கினது இருக்கட்டும். இந்தச் சட்டத்துல நீ வெச்சிருக்கியே, இது வெல்டா? காக்கா எச்சம் போட்ட மாதிரி இருக்கு!"

"எச்சமா? நீங்க சட்டத்தை அறுத்துக் குடுத்த லட்சணத்துக்கு ஒரு விரல் இடைவெளி இருந்துச்சு. அதை எதை வெச்சு அடைக்கிறது, என் தலையை வெச்சா?"

தோப்புக்காரர் மெல்லக் கிட்டே வந்து, "அம்மா, கொஞ்சம் சமாதானம் பண்ணுங்க. அடிச்சுக்கப் போறாங்க" என்றார்.

அவள் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகவில்லை. கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே அந்த இருவரும் எந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு போல்ட்டாக, ஒவ்வொரு ஒட்டாக, ஒருவர் மானத்தை ஒருவர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இவன் கோபித்துக்கொண்டு போனாலும் போவான். போகட்டும். போவதற்குக் கால் இருக்கிறதே.

"அந்த மோட்டார் வெச்ச இடத்தையும் பாருங்க. நேத்து ஆடுச்சு. அதையும் விட்றாதீங்க" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.